சித்தப்பாவுக்கு எதனால் வந்தது?

எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக ஓயாத சண்டை ஒன்று உண்டு, சித்தப்பாவுக்கு இந்த மனநோய் எதனால் வந்தது என்று. தாத்தா வழிச் சொந்தங்களைக் கேட்டால் அப்பத்தா பிறந்த வீட்டு ரத்தம் என்பார்கள், ஏனென்றால் அப்பத்தாவின் அண்ணன் ஒருவர் இப்படித்தான் தனக்குள்ளேயே பேசிக்கொண்டு திரிந்து ஒருநாள் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. அப்பத்தாவைக் கேட்டால் பங்காளி வைத்த செய்வினை. பெரியப்பாவுக்கோ திருப்பூர் பனியன் கம்பெனி, ராத்திரி ஷிப்டு ஷிப்டாகப் போட்டுத் தூங்கவிடாமல் பையனைக் கெடுத்துவிட்டார்கள் என்பார்.

மேலூர் பக்கம் எங்கள் ஊர். 23 வயதில் ஒரு பொங்கலுக்கு வந்த சித்தப்பா திரும்பிப் போகவில்லை. ராத்திரியெல்லாம் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பார். "என்னயப் பத்தித்தான் பேசுறாய்ங்க" என்பார். சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுத் தொழுவம், ரெண்டு பசுமாடு, வேறு யாரும் கிடையாது. பாண்டி கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் கூட்டிப்போனார்கள். எட்டு மாசம் கழித்துத்தான் மதுரை பெரியாஸ்பத்திரி. மனச்சிதைவு நோய் என்றார்கள், ஸ்கிசோஃப்ரினியா. அந்த எட்டு மாசத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது, ஏனென்றால் வைத்தியம் தள்ளிப்போகப் போக இந்த நோயிலிருந்து மீள்வதும் கஷ்டமாகிறது. கோயிலுக்கும் போகலாம், மாத்திரையும் போடலாம், ரெண்டும் சேர்ந்தே நடக்கலாமே.

சரி, ரத்தம்தானா? பரம்பரைக்குப் பங்கு இருக்கிறது, பெரிய பங்குதான். பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வரும் என்றால் அப்பா அல்லது அம்மாவுக்கு இருக்கும் பிள்ளைகளில் 100க்குப் பத்துப் பேர் வரை வரலாம். ஆனால் ஒரே கருவில் பிரிந்த இரட்டையரை எடுத்துக்கொள்ளுங்கள், மரபணு அச்சாக ஒன்றுதான், அப்படியும் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்குப் பாதிகூட நிச்சயமில்லை. மீதியை வேறெதுவோ முடிவு செய்கிறது. பிரசவத்தில் நேர்ந்த சிக்கல், சின்ன வயதில் பட்ட அடியும் அவமானமும், விடலை வயதில் பழகிய கஞ்சா, ஊரைவிட்டுப் போய் ஆளில்லாமல் தனியாகக் கிடப்பது எல்லாம் அதில் சேரும். இவற்றில் எதுவும் தனியாக நின்று நோயைக் கொண்டுவருவதில்லை.

1977ல் சூபின், ஸ்பிரிங் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சொன்னார்கள், ஆளுக்கு ஆள் தாங்கும் சக்தி வேறு, நெருக்கடி அந்த அளவைத் தாண்டும்போது நோய் கிளம்புகிறது என்று. எங்கள் ஊர்க் கண்மாயை வைத்து யோசித்தால் எனக்குப் புரிந்தது. கரை ஒரு இடத்தில் இளகியிருக்கலாம், வரத்து குறைவாக இருந்தால் அது அப்படியே கிடக்கும். ஒரு ஐப்பசியில் வெள்ளம் வந்து, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கும் அடைத்துக்கிடந்தால் உடைகிறது. உடைத்தது கரையா, மழையா, அடைத்த கலுங்கா என்று பஞ்சாயத்து வைத்தால் எங்கே போய் முடியும்?

அப்பத்தா அந்த ரத்தப் பழியைச் சாகும்வரை சுமந்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

மாத்திரை மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேகத்தைக் குறைக்கிறது, சித்தப்பாவுக்கு ரெண்டு மாசத்தில் குரல்கள் நன்றாக அடங்கின. அப்புறம் குணமாகிவிட்டது என்று நாங்களே நிறுத்தினோம், திரும்ப வந்தது. இரண்டாவது முறை போனபோது அங்கிருந்த சமூகப் பணியாளர் அம்மா சித்தப்பாவை விட்டுவிட்டு எங்கள் வீட்டு ஆட்களிடம்தான் அதிகம் கேட்டாராம், வீட்டில் யார் யார், அவரிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று. பெரியப்பா "தண்டச்சோறு" என்று சொல்லாத நாள் இல்லை. அப்பத்தாவோ முப்பது வயது ஆளுக்குச் சோறு ஊட்டிவிடுவார். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்பவர் பல வருஷம் முன்பே கவனித்தது இதைத்தான்: ஓயாமல் குறை சொல்லும் வீட்டிலும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைக்கும் வீட்டிலும் நோய் திரும்புவது அதிகம். வீட்டார் பேச்சால் நோய் வந்தது என்று இதற்கு அர்த்தமில்லை, வந்த நோய் அடங்குவதற்கு வீட்டுப் பேச்சும் மருந்து மாதிரி வேலை செய்கிறது.

பெரியப்பா வாயை அடக்க ஒரு வருஷம் ஆனது. அப்பத்தா மாத்திரையை வெற்றிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டார், சாப்பிட்டதும் அவருக்குப் பாக்கு, மகனுக்கு மாத்திரை. சித்தப்பா பொறுப்பில் நாலு ஆடு விட்டார்கள், இப்போது பதினொன்று நிற்கிறது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது, "இப்பவும் பேசுறாய்ங்களா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"எப்பவாச்சும் பேசுவாய்ங்க. பேசிட்டுப் போறாய்ங்க, நான் ஆட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று வாளியை எடுத்துக்கொண்டு போனார்.