டிஸ்சார்ஜ் புக்கில் விடுபட்ட பதக்கம்: ரெக்கார்டு ஆபீசில் சேர்க்க வைப்பது எப்படி?

ராணுவத்திலிருந்து பணி முடித்து வந்தவரின் டிஸ்சார்ஜ் புக்கில் (பணி விவரங்களை எழுதிக் கொடுக்கும் புத்தகம்) பதக்கப் பகுதி பாதி காலியாக இருந்தால், "நமக்குத் தகுதி இல்லை போலிருக்கிறது" என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மனு எழுதிக் கொடுத்து வரும் நாங்கள் பார்த்த வரையில், தகுதியில்லாமல் விடுபட்டவை குறைவு. காகிதம் போய்ச் சேராமல் விடுபட்டவையே அதிகம்.

பதவி உயர்வோ, கல்யாணமோ, குழந்தை பிறப்போ, பதக்கமோ, எதுவானாலும் யூனிட் அலுவலகம் அதைப் பார்ட் டூ ஆர்டராக (வீரரின் பதிவில் வரும் மாற்றத்தை அறிவிக்கும் உத்தரவு) வெளியிட வேண்டும். அந்த ஆர்டர், படைப்பிரிவின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்குப் போய், வீரருடைய ஷீட் ரோலில் (பணிப் பதிவுத் தாள்) ஏறும். பணி முடியும்போது டிஸ்சார்ஜ் புக் எழுதுகிறவர் ஷீட் ரோலைப் பார்த்துத்தான் எழுதுவார். ஆகவே டிஸ்சார்ஜ் புக்கை மட்டும் திருத்தச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. பார்ட் டூ ஆர்டர் வெளியாகி, ஷீட் ரோல் திருந்தினால்தான் மற்றது எல்லாம் திருந்தும்.

யாருக்கு விடுபடுகிறது என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். வேறு யூனிட்டில் அட்டாச்மென்ட்டில் (தற்காலிக இணைப்பில்) இருந்தவர்கள், ராஷ்ட்ரிய ரைபிள்ஸுக்கு (தீவிரவாத எதிர்ப்புப் பணிக்கான ராணுவப் பிரிவு) போய்த் திரும்பியவர்கள், ஆபரேஷன் நடுவிலேயே போஸ்டிங் ஆனவர்கள், காயம்பட்டு மருத்துவமனைக்குப் போய் அங்கிருந்தே வேறு இடத்துக்கு மாற்றப்பட்டவர்கள். தாய் யூனிட், அங்கே வெளியிடுவார்கள் என்று நினைத்திருக்கும். அங்கிருந்தவர்கள், இவர் நம் ஆள் இல்லை என்று விட்டிருப்பார்கள். இந்த நான்கில் ஒன்றில் நீங்கள் இருந்தால் கட்டாயம் ஒருமுறை சரிபாருங்கள்.

முதல் வேலை, எந்தப் பதக்கம் என்று துல்லியமாகத் தெரிந்துகொள்வது. "எனக்கு வரவேண்டிய எல்லாப் பதக்கங்களையும் கொடுங்கள்" என்று எழுதினால் ஒரு வரிப் பதில்தான் வரும். தேதியை மட்டும் வைத்துத் தகுதி வருபவை எளிது: 15 ஆகஸ்ட் 1972 அன்று பணியில் இருந்தவர்களுக்கு 25-ஆம் சுதந்திர ஆண்டுப் பதக்கம், 15 ஆகஸ்ட் 1997-க்கு 50-ஆம் ஆண்டுப் பதக்கம், 15 ஆகஸ்ட் 2022-க்கு 75-ஆம் ஆண்டுப் பதக்கம். 9, 20, 30 ஆண்டுப் பணிக்கான நெடும்பணிப் பதக்கங்கள் மூன்றும் தனித்தனி; 20 வந்ததால் 9 போய்விடாது.

இடத்தையும் ஆபரேஷனையும் சார்ந்தவற்றில்தான் குழப்பம் அதிகம். 1971 போரில் கிழக்குக்குப் பூர்வி ஸ்டார், மேற்குக்குப் பஸ்சிமி ஸ்டார். சங்க்ராம் மெடல் இரண்டிலிருந்தும் வேறு. 1999 கார்கில் சமயத்தில் ஆப் விஜய் ஸ்டார் ஒன்று, ஆப் விஜய் மெடல் ஒன்று. உங்கள் யூனிட் சண்டை நடந்த பகுதிக்குள் இருந்ததா, வெளியே விரிவான பகுதியில் நிறுத்தப்பட்டிருந்ததா என்பதைப் பொறுத்து மாறும். 1961 கோவா நடவடிக்கைக்கும் ஆபரேஷன் விஜய் என்றே பெயர் என்பதால், வருடத்தைக் குறிப்பிடாத மனு தவறான கோப்பில் போய் உட்காரும். சைன்ய சேவா மெடலைப் பொறுத்தவரை, பதக்கம் ஒன்றுதான். ஒவ்வொரு பகுதிக்கும் கிளாஸ்ப் (பதக்க ரிப்பனில் பொருத்தும் பெயர்ப் பட்டை) தனி. ஏற்கெனவே 'ஜம்மு காஷ்மீர்' கிளாஸ்ப்புடன் பதக்கம் பதிவாகி, பின்னால் இமாலயப் பகுதியில் இருந்ததற்கு விடுபட்டிருந்தால், கேட்க வேண்டியது 'ஹிமாலயா' கிளாஸ்ப்பை. இலங்கைக்கு அமைதிப் படையில் (1987–1990) போனவர்கள் ஸ்பெஷல் சர்வீஸ் மெடலில் 'ஸ்ரீலங்கா' கிளாஸ்ப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெரிடோரியஸ் சர்வீஸ் மெடல், லாங் சர்வீஸ் அண்ட் குட் காண்டக்ட் மெடல் இரண்டும் இந்த வழியில் வராது. அவை எண்ணிக்கை வரம்புக்குள் தேர்ந்தெடுத்துக் கொடுப்பவை. அவற்றை இதே மனுவில் சேர்த்தால், நியாயமாக வரவேண்டியதும் சேர்ந்து கிடப்பில் போகும்.

மனு போகவேண்டிய இடம் உங்கள் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், எம்.இ.ஜி.க்கு (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கு (வாகன, கருவிப் பழுதுபார்ப்புப் பிரிவு) செகந்திராபாத், ஏ.எம்.சி.க்கு (ராணுவ மருத்துவப் பிரிவு) லக்னோ. விமானப்படை வீரர்களுக்குப் புதுதில்லி சுப்ரதோ பார்க்; கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்டில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸ். ராணுவத்துக்குப் பிறகு டி.எஸ்.சி.யில் (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) சேர்ந்தவர்களுக்கு இரண்டாவது பணியின் பதிவு கண்ணூரில். முதல் பணியின் பதக்கத்தைக் கண்ணூரில் கேட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. அது பழைய ரெக்கார்டு ஆபீசின் வேலை.

திருத்தம் கேட்பதற்கு முன் உங்கள் பதிவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து மூன்றே நகல்கள் கேளுங்கள்: ஷீட் ரோல், எந்த யூனிட்டில் எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்ற போஸ்டிங் விவரம், பதக்கங்கள் குறித்த பார்ட் டூ ஆர்டர்கள். "ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்கும் கேள்வி 'தகவல்' ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

போஸ்டிங் விவரம் கைக்கு வந்தால் பாதி வேலை முடிந்தது. பதக்கத்துக்கு உரிய காலம், உங்கள் யூனிட், அந்த யூனிட் இருந்த இடம் மூன்றையும் ஒரே பக்கத்தில் பொருத்திக் காட்டுவதுதான் மனு. ஆபீசர் இன்சார்ஜ் ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள். "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இந்த யூனிட்டில் பணியாற்றினேன். ஷீட் ரோலில் இந்தப் பதக்கம் பதிவாகவில்லை. தகுதியைச் சரிபார்த்து, பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, அதன் எண்ணையும் தேதியையும் தெரிவிக்க வேண்டுகிறேன்." இவ்வளவு போதும். சண்டையில் பட்ட பாட்டை நான்கு பக்கம் எழுதத் தோன்றும். அது உண்மையும்கூட. ஆனால் மேசையில் இருப்பவர் தேடுவது தேதியையும் இடத்தையும்தான். பென்ஷன் திருத்தம், மனைவி பெயர்த் திருத்தம் எல்லாவற்றையும் இதே கடிதத்தில் எழுதாதீர்கள்; அவை வேறு வேறு பிரிவுகளுக்குப் போகிறவை.

பெயரும் எண்ணும் பொருந்தாமல் திரும்பி வருபவை ஏராளம். நாயப் சுபேதார் ஆனதும் ஜே.சி. எண் (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசருக்கான புது எண்) வந்துவிடும்; அதற்கு முந்தைய ஆர்டர்கள் பழைய எண்ணில் இருக்கும். இரண்டு எண்களையும் எழுதுங்கள். நம் பெயர்களில் இனிஷியல் முன்னால் ஓரிடத்தில், பின்னால் ஓரிடத்தில், அப்பா பெயர் முழுதாக இன்னோரிடத்தில் என்று கிடக்கும். டிஸ்சார்ஜ் புக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்துகூட மாறாமல் எழுதுங்கள். கணவர் இறந்திருந்தால் மனைவி மனு செய்யலாம், பி.பி.ஓ.வில் (பென்ஷன் வழங்கும் உத்தரவு) உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

பென்ஷன் இல்லாமல் வந்தவர்களுக்கு ஒரு தடை உண்டு. அவர்களுடைய ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவது விதி. "ஆவணம் அழிக்கப்பட்டது" என்று பதில் வந்தாலும் விடாதீர்கள். லாங் ரோல் (வீரர்களின் சுருக்க விவரப் பதிவேடு) நிரந்தரமாக வைக்கப்படுவது. அதன் நகலைக் கேளுங்கள். கையில் உள்ள டிஸ்சார்ஜ் புக்கும், அந்தக் காலத்து மூவ்மென்ட் ஆர்டரும் (இடம் மாறிச் செல்லக் கொடுத்த உத்தரவு), மருத்துவமனைச் சீட்டும் அப்போது ஆதாரமாகும். யூனிட் இன்னும் இயங்கினால் அதன் கமாண்டிங் ஆபீசருக்கும் ஒரு நகல் அனுப்பலாம்.

அசல் டிஸ்சார்ஜ் புக்கை முதல் கடிதத்தோடு அனுப்பவே கூடாது. பதிவு ஏறிய பிறகு, புத்தகத்தில் குறிக்க அசலைக் கேட்டு அவர்களே எழுதுவார்கள். அப்போது எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு நேரில் கொடுங்கள். முடியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக அனுப்புங்கள்.

மனு நிராகரிக்கப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். பதிலே வராவிட்டால், மனு கொடுத்து 6 மாதம் காத்திருந்து, அதன்பின் தாமதிக்காமல் போங்கள். தாமதமானால் தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி விண்ணப்பம் வேண்டும். மனு அனுப்பிய ஸ்பீடு போஸ்ட் ரசீதுதான் அங்கே உங்கள் தேதிக்குச் சாட்சி.

பதிவு ஏறுவது வேறு, பதக்கம் கையில் கிடைப்பது வேறு. பார்ட் டூ ஆர்டர் எண் வந்ததும், பதக்கத்தை அனுப்பக் கோரி அந்த எண்ணைக் குறிப்பிட்டுத் தனியாக எழுதுங்கள். வந்து சேர்ந்ததும் விளிம்பைப் பாருங்கள்: எண், ரேங்க், பெயர் பொறித்திருப்பார்கள். தவறு இருந்தால் உடனே எழுதித் திருப்பி அனுப்புங்கள்.