டிவிஆரில் இருந்து ஒரு பதிவை எடுக்க என்.சி. வீதியில் பட்ட பாடு

விபத்து நடந்து ஒன்பதாம் நாள்தான் கமராப் பதிவு வேண்டும் என்று கேட்டார்கள். திருகோணமலை என்.சி. வீதியில் ஒரு கடை. நாலு கமரா, அவற்றின் படத்தைப் பதிந்து வைக்கும் பெட்டியாக 1 டிபி டிஸ்க் போட்ட பழைய டிவிஆர். கமரா ஒன்றுக்குச் செக்கனுக்கு 2 மெகாபிட் என்று வைத்திருந்தார்கள். நாலுக்கும் 8 மெகாபிட், அதாவது செக்கனுக்கு 1 மெகாபைட், ஒரு நாளைக்கு 86 ஜிபி. பதினொன்றரை நாளில் டிஸ்க் நிறைந்து, பழையதின் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். மிச்சம் இருந்தது இரண்டரை நாள். அதில் ஒரு நாளைப் பென் டிரைவ் தின்றது.

கொண்டுபோனது 64 ஜிபி, எக்ஸ்ஃபட் என்ற கோப்பு முறையில் ஃபோர்மட் பண்ணியது. டிவிஆர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இந்தப் பழைய பெட்டிகள் பலவற்றுக்கு ஃபட் 32 என்ற பழைய முறை மட்டும்தான் தெரியும். விண்டோஸில் வழமையாக வரும் ஃபோர்மட் பெட்டியோ 32 ஜிபிக்கு மேல் ஃபட் 32 தராது. அதனால் 16 அல்லது 32 ஜிபி டிரைவ் ஒன்றை வீட்டிலேயே ஃபோர்மட் பண்ணி எடுத்துப் போங்கள். ஒரு மவுஸும் கொண்டுபோங்கள். கடைகளில் டிவிஆருக்கு மவுஸ் இருப்பதே அபூர்வம்.

வெறுங்கையோடு திரும்புமுன் செய்திருக்க வேண்டிய ஒன்று தவறிப்போனது. ஸ்டோரேஜ் மெனுவில் ஓவர்ரைட்டை, அதாவது பழையதின் மேல் எழுதுவதை, நிறுத்தியிருக்க வேண்டும். டிஸ்க் ஏற்கெனவே நிறைந்திருந்தால் புதுப் பதிவு நின்றுவிடும், பழையது தப்பும். கடைக்காரருக்குக் கமரா ஓடாமல் இருக்க முடியாது என்றால், டிவிஆரை மெனுவில் முறையாக நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, வேறொன்றைப் போட்டுக் கொடுங்கள். கழற்றிய டிஸ்க்கை மடிக்கணினியில் கொழுவினால் இனிஷியலைஸ் பண்ணவா, ஃபோர்மட் பண்ணவா என்று விண்டோஸ் கேட்கும். டிவிஆரின் கோப்பு முறை அதற்குப் புரியாததால்தான் அப்படிக் கேட்கிறது. ஒருபோதும் ஆம் கொடுக்காதீர்கள்.

மறுநாள் டிரைவ் ஏற்றது. ஆனால் விபத்தைக் காணவில்லை. மாலை 6.40க்கு நடந்தது என்று முறைப்பாட்டில் இருந்தது. அந்த நேரத்துக்குத் தேடினால் வீதி அமைதியாக இருந்தது. "தம்பி, கமரா அண்டைக்கு வேலை செய்யேல்லைப் போல" என்றார் கடைக்காரர். அப்போதுதான் படத்தைக் கவனமாகப் பார்த்தோம். திரையில் 18:40:00, வீதியிலோ நல்ல வெயில், எதிர்க்கடைத் தகரத்தின் நிழல் தாரில் கூர்மையாக விழுந்து கிடந்தது. எந்த மாதத்திலும் திருகோணமலையில் அந்த நேரத்துக்கு அப்படி வெயில் அடிக்காது. கைபேசியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் டிவிஆர் 2 மணி 37 நிமிடம் முன்னுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டரை மணித்தியாலம், பெட்டி சீன நேரத்திலேயே விடப்பட்டதால். எங்கள் நேரம் +5:30, அவர்களுடையது +8. மிச்ச 7 நிமிடம் மணிக்கூடு காலப்போக்கில் நகர்ந்தது. 21:17க்குப் போனதும் விபத்து அப்படியே இருந்தது.

இரண்டு திரையும் ஒன்றாகத் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். நேர வித்தியாசத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் எக்ஸ்போர்ட் முடியும்வரை டிவிஆரின் நேரத்தைத் திருத்த வேண்டாம். மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினால் ஒரே நேரத்துக்கு இரண்டு பதிவு வந்து, தேடுவது பெரும் சிக்கலாகிவிடும். கரண்ட் போய் வந்ததும் ஆண்டு 2000க்குப் போகும் பெட்டிகளும் உண்டு. உள்ளே இருக்கும் சிஆர்2032 பட்டரி செத்திருந்தால் அப்படித்தான்.

எக்ஸ்போர்ட்டில் இரண்டு தெரிவு வந்தது: பெட்டியின் சொந்த ஃபோர்மட், பொதுவான வீடியோ வகையான ஏவிஐ. ஏவிஐ எங்கும் ஓடும் என்று பலர் அதை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இந்தப் பெட்டியில் ஏவிஐக்கு மாறும்போது நேரம் காணாமல் போனது, ஏனென்றால் திரையில் தெரிந்த நேரம் படத்தில் பதிந்தது அல்ல, தனியாக வைத்த தரவு. சொந்த ஃபோர்மட்டை முதலில் எடுங்கள், அதற்கான பிளேயரையும் சேர்த்து எடுங்கள். அதையும் நம்பி இருக்க முடியாது. கொண்டுபோன இடத்துக் கணினி பிளேயரைத் திறக்க அட்மின் பாஸ்வேர்ட் கேட்டது, அதைத் தெரிந்தவர் அன்று லீவு. இன்னொரு வீண் பயணம்.

சொந்த ஃபோர்மட் கோப்பு விஎல்சி என்ற பொதுவான பிளேயரில் ஓடியது, ஆனால் எல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில். கமரா செக்கனுக்கு 12 ஃபிரேம் பதிந்திருந்தது, நேரத் தகவல் கிடைக்காததால் விஎல்சி 25 என்று எடுத்துக்கொண்டது. மணிக்கு 30 கிலோமீற்றரில் வந்த ஓட்டோ 60க்கு மேல் பறப்பதுபோல் தெரியும். இதை அப்படியே காட்டினால் ஒரு சாரதியின் மேல் பொய்ப்பழி விழும். படமும் ஒடுங்கியிருந்தது. பெட்டி பதிந்திருந்த 1080என் என்ற அளவு 960க்கு 1080 புள்ளி. 16:9க்கு விரித்தால்தான் மனிதரும் இலக்கத்தகடும் சரியான அகலத்துக்கு வரும்.

எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், மீண்டும் என்கோட் பண்ணாமல், ஃபிரேம் வேகம் 12 என்று கொடுத்து, ஸ்ட்ரீமை அப்படியே கொப்பி பண்ணியதில் பார்க்கும் பிரதி சரியாக வந்தது. எம்பி4க்குப் போட்டபோது, பதிவில் இருந்த ஜி.711 வகை ஒலியை ஏற்காமல் பிழை காட்டியது. எம்கேவி ஏற்றுக்கொண்டது. மூலக் கோப்பைத் தொடவில்லை. விண்டோஸின் சேட்யூட்டில் கட்டளையில் அதற்கு எஸ்எச்ஏ-256, அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற குறியீடு, எடுத்துத் தாளில் எழுதினோம். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்பார்கள், அனுப்பாதீர்கள். அது நெருக்கிவிட்ட பிறகு இலக்கத்தகடு வெறும் வெள்ளைக் கட்டியாகிவிடும்.

வழக்கு என்று வந்தால் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க, சான்று தொடர்பான விசேட ஏற்பாடுகள் சட்டம் இருக்கிறது. விசாரணைக்குக் குறித்த திகதிக்கு 45 நாட்களுக்கு முன்னரே பதிவு பற்றி மற்றத் தரப்புக்கு அறிவிக்க வேண்டும். கடைசி நேரத்தில் பென் டிரைவோடு போய் நிற்பதில் பயனில்லை, சட்டத்தரணியிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

மூலக் கோப்பு, எம்கேவி, பிளேயர், கைபேசிப் படம், கமரா இலக்கமும் நேர வித்தியாசமும் எழுதிய ஒரு தாள், எல்லாம் ஒரே உறையில் மூன்றாம் பயணத்தில் ஏற்கப்பட்டது. பழைய டிஸ்க் கடைக்காரரின் லாச்சியில், அகற்றிய திகதியும் கையெழுத்தும் ஒட்டிக் கிடக்கிறது. புது டிஸ்க்கோடு பெட்டிக்கு +5:30 வைத்து, இணையத்தில் இருந்து நேரம் எடுக்கும் என்டிபியையும் போட்டுவிட்டோம்.