தரையில் படுத்துத் தக்காமட்சு வரை: சன்ரைஸ் இரவு ரயிலில் இருவர்

ஜப்பானில் இரவு ரயிலில் மலிவாகப் போகலாம் என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு போனார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். தோக்கியோவுக்கும் ஒகாக்கிக்கும் இடையே விடுமுறைக் காலங்களில் 'மூன்லைட் நகாரா' என்ற இரவு வண்டி ஓடியது. சாதாரண ரயில்களில் நாள் முழுக்கப் போகவிடும் 'செய்ஷுன் 18' பயணச்சீட்டோடு இருக்கைக்குச் சில நூறு யென் கட்டினால் போதும். 2020 வசந்த காலத்தோடு அது நின்றது; இனி ஓடாது என்று 2021 ஜனவரியில் அறிவித்தார்கள். அந்தச் சீட்டும் பழையபடி இல்லை. ஐந்து நாள் சீட்டு ஒன்றை முன்பெல்லாம் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள முடிந்தது. 2024 குளிர்காலத்திலிருந்து ஒரு சீட்டு ஒருவருக்குத்தான். தொடர்ச்சியாக மூன்று நாளுக்கு 10,000 யென், ஐந்து நாளுக்கு 12,050 யென். இணையத்தில் சுற்றும் பல குறிப்புகளில் இன்னும் பழைய கணக்குதான் கிடக்கிறது.

இப்போது தினமும் ஓடும் இரவுப் படுக்கை ரயில் சன்ரைஸ் மட்டுமே. 1998 ஜூலையிலிருந்து ஓடுகிறது. 14 பெட்டிகளோடு தோக்கியோவில் இரவு 9:50க்குப் புறப்பட்டு, காலையில் ஒக்கயாமாவில் இரண்டாகப் பிரியும். ஒன்று முதல் ஏழு வரையிலான பெட்டிகள் 'சன்ரைஸ் செத்தோ' என்ற பெயரில் கடலைக் கடந்து 7:27க்கு ஷிகோக்கு தீவிலுள்ள தக்காமட்சு சேரும். எட்டு முதல் பதினான்கு வரை 'சன்ரைஸ் இசுமோ'. அது பத்து மணிக்குச் சற்று முன் இசுமோஷி போய்ச் சேரும். தோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு இதில் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. போகும்போது ஒசாகாவில் யாரையும் இறக்காது. திரும்பும்போது மட்டும் அங்கே ஆள் ஏற்றும்.

பெரும்பாலும் தனித்தனி அறைகள்தான். மிகச் சிறியதான 'சோலோ'வுக்கே 6,600 யென் படுக்கைக் கட்டணம் தனி. சிக்கனம் வேண்டுமென்றால் ஐந்தாம் பெட்டியிலும் பன்னிரண்டாம் பெட்டியிலும் உள்ள 'நொபிநொபி' இடங்கள்தான் வழி. பெயருக்கு இருக்கை, உண்மையில் கம்பளம் ஒட்டிய தரை, மேல்தட்டு கீழ்த்தட்டாக, பெட்டிக்கு 28 பேர். வீட்டுத் திண்ணையில் பாயில்லாமல் படுப்பது போலத்தான். ரயிலை நடத்தும் ஜேஆர் நிறுவனங்களின் கணக்கில் இது படுக்கை இல்லை, அதனால் படுக்கைக் கட்டணமும் இல்லை. தக்காமட்சு வரை பயணக் கட்டணம், விரைவு வண்டிக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 15,000 முதல் 16,000 யென், ஏறக்குறைய 130 சிங்கப்பூர் வெள்ளி. இரவுப் பேருந்து இதைவிட மலிவு. ஆனால் பேருந்தில் காலை நீட்ட முடியாது.

சுற்றுப்பயணிகளுக்கான ஜேஆர் பாஸ் இருந்தால் நொபிநொபிக்கு மேற்கொண்டு எதுவும் கட்ட வேண்டாம். அறை எடுத்தால்தான் கட்ட வேண்டும். அதற்காக இந்த ஒரு இரவை நம்பிப் பாஸ் வாங்குவது இப்போது வீண். ஏழு நாள் சாதாரண பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது.

முன்பதிவில்தான் எல்லாமே இருக்கிறது. வண்டி கிளம்பும் தேதிக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு விற்பனை திறக்கும். சிங்கப்பூரில் அப்போது மணி 9. ஜூன் 12ஆம் தேதி வண்டி என்றால் மே 12 காலை. முந்தின மாதத்தில் அந்தத் தேதியே இல்லையென்றால், உதாரணமாக மார்ச் 30 அல்லது 31 வண்டிக்கு, மார்ச் 1ஆம் தேதிதான் திறக்கும். ஒரே காலையில் ஒன்றுக்கு மேற்பட்ட நாள் வண்டிக்கான கூட்டம் சேரும் என்பதால் மாதக் கடைசித் தேதிகளைத் தவிர்ப்பது நல்லது. ஜப்பானில் மே தொடக்க விடுமுறை, ஆகஸ்ட் நடு ஓபோன், வாரக் கடைசி ஆகியவற்றுக்கு நொபிநொபி நிமிடங்களில் தீரும். நம் ஜூன் பள்ளி விடுமுறை அவர்களுக்கு விடுமுறை இல்லை. ஜூனில் செவ்வாய், புதன் பார்த்து முயன்றால் வாய்ப்பு அதிகம்.

சிங்கப்பூரில் உட்கார்ந்தபடி வாங்க, ஜேஆர் மேற்கு நிறுவனத்தின் இ-5489 முன்பதிவுத் தளத்தின் ஜப்பானிய மொழிப் பக்கத்துக்குப் போக வேண்டும். ஆங்கிலப் பக்கத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கணக்கை முந்தின வாரமே தொடங்கிவிடுங்கள். பெயரை கத்தகானா எழுத்தில் கேட்கும், அதை முன்கூட்டியே எழுதி வைத்து ஒட்டினால் போதும். உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பை ஓடவிட்டால் சில பக்கங்கள் பாதியில் நின்றுபோகும். ஒரு சாளரத்தில் மொழிபெயர்ப்போடு ஒத்திகை பார்த்துவிட்டு, 9 மணிக்கு மொழிபெயர்ப்பு இல்லாத சாளரத்தில் செய்யுங்கள். கடன் அட்டைக்கு வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் வரக் கைப்பேசி பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு பேர் என்றால் இருவருக்கும் ஒரே பதிவில் எடுங்கள். நீ ஒன்று எடு, நான் ஒன்று எடுக்கிறேன் என்று கூட்டாளியும் நீங்களும் பிரிந்து முயன்றால், இடங்கள் தள்ளித் தள்ளி விழலாம்; ஒருவர் தவறுதலாக இசுமோவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அவருக்குப் பன்னிரண்டாம் பெட்டிதான். காலையில் கண் விழிக்கும்போது அவர் இசுமோவை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார். இன்னொன்று: விரைவு வண்டிச் சீட்டு வேறு, பயணச்சீட்டு வேறு. முதலாவதை மட்டும் வாங்கிவிட்டு, எம்ஆர்டி மாதிரி அட்டையைத் தட்டி உள்ளே போய்விடலாம் என்று நினைத்தால் நடக்காது. இரண்டுமே காகிதத்தில் வேண்டும். எந்தெந்த நிலையங்களில் சீட்டை எடுக்கலாம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா நிலையத்திலும் தரமாட்டார்கள். பணம் கட்டிய அதே கடன் அட்டையையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

9 மணிக்குக் கிடைக்காவிட்டாலும் கதை முடியவில்லை. வண்டிக்கு இரண்டு நாள் முன்பு வரை ரத்து செய்தால் அந்தச் சீட்டுக்கு 340 யென்தான் பிடிப்பார்கள். முந்தின நாளிலிருந்து 30 விழுக்காடு. எனவே சும்மா போட்டு வைத்தவர்கள் அந்த இரண்டாவது நாள் இரவுக்குள் கைவிடுவார்கள். அந்த நேரம் பார்த்துத் திரும்பத் திரும்பத் தேடுங்கள்.

மேல்தட்டா, கீழ்த்தட்டா? மேலே இருந்தால் நடைபாதையில் போகிறவர்களின் கால்கள் கண்ணில் படாது. ஆனால் ஏணியில் ஏறி இறங்க வேண்டும். இரவில் இரண்டு முறை எழுந்து போகிறவர் கீழே படுப்பதே உசிதம். பக்கத்து இடத்துக்கும் உங்கள் இடத்துக்கும் நடுவே தலைப் பக்கம் மட்டும் ஒரு தடுப்பு. அதற்குக் கீழே திறந்தவெளி. கூட்டாளி குறட்டை விடுவாரென்றால் முழுப் பெட்டிக்கும் கேட்கும், காதடைப்பானை அவரிடம் கொடுத்துப் பயனில்லை. மெல்லிய போர்வை ஒன்று தருவார்கள், தலையணை கிடையாது. காற்று ஊதும் தலையணையும், யோகா பாயில் பாதியும் இருந்தால் இடுப்பு தப்பிக்கும். படுக்கும் இடத்தில் மின்செருகு கிடையாது, வண்டியில் வைஃபை கிடையாது. பவர்பேங்க்கை நிரப்பிக்கொண்டு ஏறுங்கள்.

பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தால் உங்கள் கால் வைக்கும் இடத்தில்தான் அது படுக்கும். தோக்கியோ விடுதியிலிருந்தே தக்காமட்சு விடுதிக்குத் தக்யூபின் என்ற பொதி அனுப்பும் சேவையில் அனுப்பிவிட்டு, ஓர் இரவுக்கு வேண்டியதை மட்டும் முதுகுப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்துசேரும், மாற்றுத் துணியைக் கணக்காக எடுத்து வையுங்கள்.

குளியல் வசதி இருக்கிறது. 330 யென் அட்டை, ஆறு நிமிடச் சுடுநீர். நிறுத்தினால் நேரமும் நின்றுவிடும் என்பதால் சோப்புப் போடும்போது நிறுத்திவிடலாம். அட்டை விற்கும் இயந்திரம் மூன்றாம், பத்தாம் பெட்டிகளில். எண்ணி வைத்த அட்டைகள்தான், தோக்கியோவிலேயே வரிசை நிற்கும். ஒருவர் பையை வைத்து இடம் பார்க்க, மற்றவர் நேரே இயந்திரத்துக்கு ஓட வேண்டும். துண்டு உங்களுடையது. இந்த ஓட்டம் வேண்டாமென்றால் ஏறுவதற்கு முன் நகரத்திலுள்ள பொதுக் குளியலகம் ஒன்றில் 550 யென் அளவில் நிதானமாகக் குளித்துவிட்டு வரலாம். எங்கள் ஓட்டு அதற்கே.

சாப்பாட்டுப் பெட்டி கிடையாது. பானம் விற்கும் இயந்திரம் மட்டும் உண்டு. தோக்கியோ நிலையத்துக் கடைகளில் இரவு 9 மணிக்குமேல் நல்ல பெந்தோ உணவுப் பொதிகள் தீர்ந்துபோகும், 8 மணிக்கே வாங்கிவிடுங்கள். சிங்கப்பூரிலிருந்து பக்வா, கோழிப் பஃப் எதையும் எடுத்துப்போகாதீர்கள். இறைச்சிப் பண்டங்களை ஜப்பானுக்குள் விடமாட்டார்கள்.

அலாரத்தை அதிர்வில் வைத்து 6 மணிக்கு எழுந்துவிடுங்கள். 6:27க்கு ஒக்கயாமா. பெட்டிகளைப் பிரிப்பதைப் பார்க்க எல்லோரும் ஏழாம், எட்டாம் பெட்டி சேருமிடத்துக்கு ஓடுவார்கள். செத்தோ 6:31க்கே கிளம்பிவிடும், இசுமோ 6:34க்கு. ஐந்தாம் பெட்டிக்காரர்கள் படத்தை எடுத்ததும் ஏழாம் பெட்டி வழியாக ஏறி உள்ளேயே நடந்து வந்துவிட வேண்டும். சற்று நேரத்தில் 1988இல் திறந்த செத்தோ பெரும் பாலம். கீழே கடல், தீவுகள், சரக்குக் கப்பல்கள். மேல்தட்டில் படுத்தவாறே பார்க்கலாம்.

தக்காமட்சுவில் காலை உணவு ஊதோன் என்ற தடித்த கோதுமை நூடுல்ஸ்தான், அதிகாலையிலேயே திறக்கும் கடைகள் உண்டு. சைவக்காரர்கள் கவனிக்க: அந்தத் தெளிந்த சாறு இரிக்கோ என்ற காய்ந்த மீனில் இறக்குவது, நம் இக்கான் பிலிஸின் உறவு. வெறும் ஊதோன் என்று கேட்டாலும் மேலே ஊற்றும் சோயாவில் மீன் இருக்கக்கூடும். கையில் பழமும் ரொட்டியும் வைத்துக்கொள்வதுதான் வழி.

புயல் காலமான ஆகஸ்ட், செப்டம்பரில் வண்டியே ரத்தாகலாம். ரத்தானால் முழுப் பணமும் திரும்பும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் விரைவு வண்டிக் கட்டணம் திரும்பும், சீட்டை வாயிலில் விட்டுவிடாமல் ஊழியரிடம் காட்டி முத்திரை வாங்குங்கள்.

திரும்பும் வண்டி தக்காமட்சுவில் இரவு 9:26க்குக் கிளம்பி மறுநாள் காலை 7:08க்குத் தோக்கியோ சேரும். ஒசாகாவில் ஏறுகிறவர்கள் தேதியை இரண்டு முறை பார்க்க வேண்டும். அங்கே அது வருவது நள்ளிரவு தாண்டி அரை மணி நேரத்தில். 10ஆம் தேதி தக்காமட்சுவில் கிளம்பிய வண்டியின் ஒசாகா சீட்டில் 11 என்று இருக்கும். விற்பனை திறப்பது முந்தின மாதம் 10ஆம் தேதி. நீங்கள் நிலையத்துக்குப் போக வேண்டியதும் 10ஆம் தேதி இரவுதான்.