அந்தக் கோடு

"தம்பி, இந்தக் கோடு நகராதோ?"

கொழும்பில் நடந்த கூட்டத்தில், விமான ஓடுபாதை வரைபடத்தின் எல்லைக்கோட்டில் விரலை வைத்து ஒரு காணிக்காரர் கேட்டது இவ்வளவுதான். "நகராது ஐயா, சர்வதேச விதி" என்றோம், திட்டம் போட்ட நாங்கள். பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.

பழைய இராணுவ ஓடுபாதையைப் பயணிகள் விமானத்துக்கு மாற்றும்போது தார் போடுவது சின்ன வேலை. ஏடிஆர் 72 என்ற சிறிய பயணிகள் விமானம் வருவதென்றால், அதன் 27 மீட்டர் நீளத்துக்கு 5ஆம் வகைத் தீயணைப்பு ஏற்பாடு வேண்டும். தீயணைப்பு வண்டி 3 நிமிடத்துக்குள் ஓடுபாதை முனையை எட்ட வேண்டும். காசிருந்தால் இதெல்லாம் தீரும்.

தீராதது பக்கவாட்டு நிலம். கருவிகளின் வழிகாட்டலில் இறங்குவதென்றால், இந்த நீள ஓடுபாதைக்கு நடுக்கோட்டின் இரு புறமும் 140 மீட்டர் தடையின்றிக் கிடக்க வேண்டும். அதற்கப்பால் 7 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் உயரும் கற்பனைச் சரிவு ஒன்று. எதுவும் அதைத் தாண்டி நிமிரக் கூடாது. ஆக, 20 மீட்டர் பனை 280 மீட்டருக்கு அப்பால்தான் நிற்கலாம். போர்க்காலத்தில் விமானங்களை மறைக்கக் குவித்த மண்மேடுகள் இதற்குள்ளேதான் கிடக்கும். இராணுவத்துக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை.

விமானி கண்ணால் பார்த்தே இறங்கும் பாதையென்றால் 75 மீட்டருக்கு மேல் வேண்டாம். மிச்சம் பக்கத்துக்கு 65 மீட்டர். 2,000 மீட்டர் நீளத்துக்கு, இரு பக்கமும் சேர்த்தால் 64 ஏக்கர்; எங்கட கணக்கில் ஆயிரம் பரப்புக்கு மேல். அதில் ஒரு பகுதி எப்படியும் இராணுவ முகாம் வேலிக்குள்தான் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லிக்கொண்டோம்.

கருவிப் பாதையைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் முகில் தாழ்ந்து மழை கொட்டும். கண்ணை மட்டும் நம்பினால் சென்னையிலிருந்து வரும் விமானம் வட்டமடித்துவிட்டுத் திரும்பிப் போகும். நாலு முறை திரும்பினால் கம்பனி சேவையையே நிறுத்திவிடும். ஆகவே 140 சரிதான்.

ஆனால் 140 என்பது விதி. கருவிப் பாதை வேண்டுமென்பது எங்கள் தெரிவு. அப்படிப் பிரித்துச் சொல்லியிருந்தால் "ஆர் தெரிவு செய்தது?" என்று அவர் கேட்டிருப்பார். அதற்குத்தான் பயந்தோமோ? அல்லது வீணாக நம்பிக்கை கொடுக்கக் கூடாதென்ற கரிசனமோ? இரண்டுமாக இருக்கலாம்.

வரைபடத்தில் கோடு இன்னும் 140இல்தான் கிடக்கிறது. பக்கத்தில் 75க்கு ஒரு புள்ளிக்கோடு போட ஒரு நிமிடம் ஆகாது. போடவில்லை.