20 கிலோவுக்கு மேல்

கஞ்சா கேஸ் என்று யாராவது ஆபீசுக்கு வந்தால் நான் முதலில் கேட்பது எத்தனை கிலோ என்றுதான். வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். பையன் நல்லவன், சேர்க்கை சரியில்லை, அப்பா இல்லாமல் வளர்ந்தவன் என்று சொல்ல நிறைய வைத்திருப்பார்கள், நான் பாட்டுக்கு எஃப்.ஐ.ஆரில் எடை எழுதியிருக்கும் வரியைத் தேடிக்கொண்டிருப்பேன். இந்தப் பக்கம் வேலை பார்க்கிற எந்த வக்கீலும் அப்படித்தான் செய்வார். என்.டி.பி.எஸ். சட்டம் என்று நாங்கள் சொல்கிற 1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தில், ஆள் யார் என்பதைவிட மூட்டை எவ்வளவு கனம் என்பதற்குத்தான் மதிப்பு.

2001-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு எல்லாம் மூன்று படிதான். கஞ்சாவுக்கு 1 கிலோவுக்குள் என்றால் சிறிய அளவு, ஒரு வருடம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, கோர்ட் வராண்டாவில் 'கமர்ஷியல்' என்பார்கள். அதற்குக் குறைந்தபட்சமே 10 வருடம், அதிகபட்சம் 20, அபராதம் குறைந்தது 1 லட்சம். நடுவில் இருப்பதற்கு 10 வருடம் வரை, அதாவது நீதிபதி நினைத்தால் இரண்டு வருடமும் கொடுக்கலாம். மற்ற சரக்குகளுக்கு இந்தக் கோடு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது மாட்டிக்கொள்கிற பையன்களுக்குத் தெரிவதே இல்லை. ஹெராயின் 250 கிராம், கொக்கைன் 100 கிராம், மெத்தாம்பெட்டமைன் 50 கிராம், எம்.டி.எம்.ஏ. வெறும் 10 கிராம். அதிலும் மாவு, பவுடர் எது கலந்திருந்தாலும் கலவையின் மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சுத்தமான போதைப்பொருள் அதில் எவ்வளவு என்ற வாதம் அதோடு போயிற்று.

இன்னொன்று, சட்டத்தில் வணிக அளவு என்பது குறிப்பிட்ட எடையைவிட 'அதிகமாக' இருந்தால்தான். சரியாக 20 கிலோ என்றால் அது கமர்ஷியல் ஆகாது. நான் பார்க்கிற மகஜர்களில், அதாவது சரக்கைப் பிடித்த இடத்தில் போலீஸ் எழுதுகிற குறிப்புகளில், 21, 22 கிலோ அடிக்கடி வருவதற்கு அதுதான் காரணமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, போலீஸ்காரர்களைக் கேட்டால் 2 கிலோ பொட்டலமாகத்தான் கட்டி வருகிறது, 11 பொட்டலம் என்றால் 22 தானே சார் என்பார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

கட்டாயத் தண்டனை என்றால் என்னவென்று தீர்ப்பு நாளில்தான் குடும்பத்துக்கு உறைக்கும். குற்றவாளி என்று சொன்ன பிறகு, தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கூண்டில் நிற்பவனைக் கேட்பார், கேட்டாக வேண்டும், அது சட்டம். அவன் வயதான அம்மா இருக்கிறார், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், முதல் தடவை ஐயா என்பான். அவர் பொறுமையாகக் கேட்பார், அதை வரி விடாமல் எழுதவும் செய்வார், அப்புறம் 10 வருடம், 1 லட்சம் என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸ் கட்டை எடுப்பார். அவரைக் கல்நெஞ்சம் என்று திட்டிப் பிரயோஜனம் இல்லை. இந்தச் சட்டத்தின் 32பி பிரிவு, குறைந்தபட்சத்துக்கு மேலே போவதற்கு எதையெல்லாம் கவனிக்கலாம் என்று பட்டியல் போடுகிறது, கீழே இறங்குவதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவதும் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அநேகமாகக் கிடையாது. ஒப்புக்கொண்டால் குறைப்பார்களா என்று சினிமா பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு, நம் நாட்டில் அந்தப் பேரம் 7 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும்தான், அதனால் இங்கே ஒப்புக்கொண்டால் 10 வருடம் சீக்கிரம் ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

என் அனுபவத்தில் கூண்டில் நிற்பவன் பெரும்பாலும் பை தூக்கியவன். ஆந்திர, ஒடிசா மலைப்பக்கத்திலிருந்து ரயிலில் கொண்டுவந்து கொடுத்தால் ஏதோ ஒரு தொகை என்று பேசி அனுப்பப்பட்டவன். அனுப்பியவனின் போன் அன்றைக்கே ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும், குற்றப்பத்திரிகையில் அவன் 'தலைமறைவு' என்றோ ஒரு பட்டப்பெயராகவோ மட்டும் இருப்பான். எடை இருவருக்கும் ஒன்றுதான் என்பதால் தண்டனைக் கணக்கும் ஒன்றுதான். இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், ஆனால் அந்த வாதத்தை வைத்து எந்தக் கோர்ட்டிலும் 10-ஐ 9 ஆக்க முடியாது.

அதனால் டிபென்ஸ் என்று இருப்பது முழுக்க முன்னாலேயே இருக்கிறது, பிடித்த அன்றைக்கும் அடுத்த சில நாட்களிலும் போலீஸ் எழுதிய காகிதங்களில். குடும்பம் சாட்சி தேடி ஊர் ஊராக அலையும்போது நான் மகஜரை ஸ்டேஷன் டைரியோடும், ரிமாண்ட் மனுவோடும், பிடித்த சரக்கை கோர்ட்டில் ஒப்படைத்த படிவத்தோடும் வைத்து நேரம் நேரமாகப் பார்ப்பேன். ரகசியத் தகவல் வந்தது எத்தனை மணி, அதை எழுத்தில் வைத்தார்களா, 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பினார்களா. இது 42-ஆம் பிரிவு, வீடு, குடோன் என்று மூடிய இடத்துக்குத்தான் இந்தக் கெடுபிடி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே பிளாட்பாரம் மாதிரி பொது இடமென்றால் 43 வந்துவிடும், எழுத்தில் வைக்கத் தேவையில்லை. 'பொதுமக்களைச் சாட்சியாக அழைத்தும் யாரும் முன்வரவில்லை' என்ற வாக்கியம் எல்லா மகஜரிலும் எழுத்து மாறாமல் இருக்கும், ராத்திரி 2 மணிக்குப் பொதுமக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்பது வழக்கம், அதனால் மட்டும் யாரும் விடுதலை ஆனதை நான் பார்த்ததில்லை.

யூட்யூப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் செக்‌ஷன் 50 என்பார்கள். ஒருவரைச் சோதிக்கும் முன் மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் சோதிக்கச் சொல்லிக் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும், 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வே சொன்ன விஷயம். இரண்டு பேரைப் பிடித்து ஒரே தாளில் சேர்த்துத் தெரிவித்தால் செல்லாது, ரெய்டுக்கு வந்த குழுவிலேயே இருக்கிற அதிகாரி முன்னால் சோதிக்கலாமா என்று மூன்றாவதாக ஒரு வழி காட்டினாலும் செல்லாது என்று 2014-இல் தீர்ப்பு வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது உடம்பில் சோதித்து எடுத்ததற்கு மட்டும்தான், பைக்கும் வண்டிக்கும் கிடையாது. 22 கிலோவை யார் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார்கள்? கஞ்சா கேஸில் 50 அதிகம் உதவாது, சில கிராம் பவுடர் கேஸில்தான் உதவும்.

எடைதான் உண்மையில் சண்டை போடவேண்டிய இடம். கஞ்சா என்றால் செடியின் பூ அல்லது காய் உள்ள நுனி என்றுதான் சட்டம் சொல்கிறது, நுனி சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. நடைமுறையில் தண்டு, இலை, பிளாஸ்டிக் கவர், சுற்றியிருக்கிற பிரவுன் டேப் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டு ஒரே எண்ணாக எழுதிவிடுகிறார்கள், 21 கிலோ கேஸில் டேப்பும் கவரும் எவ்வளவு என்பது ஒரு ஆளின் 10 வருடத்தைத் தீர்மானிக்கும். அதேபோல மாதிரி எடுத்த விதம். முன்பெல்லாம் பிடித்த இடத்திலேயே எஸ்1, எஸ்2 என்று மாதிரியும் மிச்சத்தை பி1 என்றும் கட்டி சீல் வைத்துவிடுவார்கள், மாஜிஸ்திரேட் முன்னால்தான் மாதிரி எடுக்க வேண்டும் என்று 2016-இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2022-இல் அதற்கு விதிகளே வந்தன. எல்லாப் பொட்டலத்தையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து ஒரு மாதிரி எடுத்திருந்தால் எந்தப் பொட்டலத்தில் கஞ்சா இருந்தது, எதில் வைக்கோல் இருந்தது என்று கேட்கலாம். கேட்டிருக்கிறேன், அரசு வக்கீலுக்குக் கோபம் வந்தது. ஆனால் இந்த மீறல் ஒன்றை மட்டும் வைத்து விடுதலை கேட்க முடியாது, மற்ற சாட்சியத்தோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்று 2025-இல் சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஊரிலிருந்தே போய் நாட்டுக்கே பயன்பட்ட ஒன்று தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு. 67-ஆம் பிரிவில் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2020 அக்டோபரில் தீர்ப்பு. அதற்கு முன்னால் மத்திய ஏஜென்சிகளின் கேஸ்களில் அந்த வாக்குமூலம்தான் முதுகெலும்பு, நானே எழுதிக் கொடுத்தேன் என்று ஆரம்பிக்கும், பையனுக்கோ கையெழுத்தைத் தவிர எழுதத் தெரியாது. இப்போது கூட்டாளி சொன்னான் என்பதை மட்டும் வைத்து உள்ளே போட்டவர்களுக்கு ஜாமீனாவது வாங்க முடிகிறது.

ஜாமீன் தனிக் கதை. கமர்ஷியல் என்றால் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், இவன் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனால் மறுபடி செய்யமாட்டான் என்று விசாரணை தொடங்கும் முன்பே நீதிபதி திருப்திப்பட வேண்டும். அதற்குப் பதில் நாட்காட்டியைத்தான் நான் நம்புவேன். குற்றப்பத்திரிகைக்கு 180 நாள், அதற்குள் அரசு வக்கீல் காரணம் காட்டி அறிக்கை கொடுத்து நீட்டிப்பு வாங்கினால் ஒரு வருடம் வரை. குற்றப்பத்திரிகையும் போடாமல், நீட்டிப்பும் வாங்காமல் விட்டிருந்தால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும், அதற்கு 181-ஆம் நாள் காலையில் கோர்ட் திறக்கும்போதே மனு போட்டுவிட வேண்டும். சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் மனு வந்த பிறகு அவசரமாகக் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்தார்கள், அப்படிச் செய்தாலும் உரிமை போகாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பதை 2023-இல் தெளிவாக்கினார்கள். ஆக, குடும்பத்தார் செய்யக்கூடிய ஒரே உபகாரம் ரிமாண்ட் தேதியைச் சரியாகச் சொல்வது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் சிறையில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி உரிமையாகவே உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், இதைச் சொன்னால் சக வக்கீல்கள் சிலர் என்னை முறைப்பார்கள், முறைக்கட்டும்.

ஆட்டோ, கால் டாக்சி ஓட்டுபவர்கள் மாட்டுவதுதான் எனக்கு ரொம்பச் சங்கடம். டிக்கியில் இருந்தது என்னவென்று டிரைவருக்குத் தெரியும் என்பதை அரசு தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை, தெரியும் என்று சட்டமே 35-ஆம் பிரிவில் அனுமானித்துக்கொள்கிறது, தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நாம்தான் நிரூபிக்க வேண்டும். சவாரி புக் ஆன விவரம், போன் பதிவு, வழியில் இருந்த கேமரா, இதையெல்லாம் முதல் வாரத்தில் எழுதிக் கேட்டு வைக்காவிட்டால் கேமராக்காரன் அழித்துவிடுவான்.

தண்டனை வந்துவிட்டால் ஹைகோர்ட்டில் அப்பீல், கூடவே தண்டனையை நிறுத்திவைக்க மனு. 32ஏ பிரிவு அதற்கும் தடை போட்டிருந்தது, கோர்ட்டின் அதிகாரத்தைப் பறிக்கிற அந்தப் பகுதியை 2000-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அதனால் மனு போடலாம், 37-ஆம் பிரிவு அங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கும் என்பது வேறு விஷயம். அப்பீல் தோற்றவர்களின் வீட்டிலிருந்து எனக்குக் கடைசியாக வரும் போன் பெரும்பாலும் அந்த 1 லட்சத்தைப் பற்றித்தான், கட்டாவிட்டால் அதற்குத் தனியாக உள்ளே இருக்க வேண்டுமே, இப்போதே கட்டணுமா சார் என்று. கடைசியில் கட்டினாலும் செல்லும், பாதி கட்டினால் அந்த அளவுக்கு நாள் குறையும், கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள் என்பேன்.