மூணு கிலோவாட்டுக்கு நாலு கொட்டேஷன்

"சார் இருக்காரா மேடம்?"

புரட்டாசியில் சோலார் விசாரிக்க ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சார் ஓசூரில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை வருவார், சாப்பிடுவார், தூங்குவார், ஞாயிறு ராத்திரி மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிடுவார். ஈ.பி. பில் கட்டுவது நான். ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருடமாக ஊரார் பில்லைச் சரிபார்ப்பதும் நான்தான். இதையெல்லாம் போனில் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? "என்கிட்டயே சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லியே நாலு கொட்டேஷன் வாங்கினேன்.

எங்கள் வீடு மதுரையில் அழகர்கோவில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. இரண்டு ஏ.சி., மோட்டார், அத்தையின் கிரைண்டர் எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டைத் தாண்டும். 2025-ல் இருந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம்தான். ஆனால் 500-ஐத் தாண்டினால் யூனிட்டுக்கு 8 ரூபாய் 55 காசு, 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய் 65 காசு. பில் நாலாயிரத்தை ஒட்டி வரும். மூன்று கிலோவாட் போட்டால் நாளுக்குச் சராசரியாக 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720. பிரதமர் சூர்யகர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இதுவரைக்கும் எல்லாம் சுலபம்தான்.

முதல் ஆள் வீட்டுப் பக்கமே வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மேலே சூரியன், கீழே சிரிக்கிற குடும்பம், நடுவில் பெரிய எழுத்தில் "3 கிலோவாட் ரூ. 1,05,000 மட்டுமே". அத்தை பார்த்துவிட்டு, "இதையே போட்டுரலாமே" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் சிவப்பில் "மட்டுமே" என்று போட்டிருந்தால் என் கை தானாகக் கால்குலேட்டருக்குப் போய்விடும். 78,000-ஐக் கூட்டிப் பார்த்தேன்: 1,83,000. மானியத்தைக் கழித்துவிட்டு விலை சொல்லியிருக்கிறார்.

மானியம் எல்லா வேலையும் முடிந்து, போகிற வருகிற கரண்டைக் கணக்கிடும் புது மீட்டரும் மாட்டிய பிறகு நம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கடைக்காரர் அதை முன்கூட்டியே எப்படிக் கழிப்பார்? கேட்டேன். "நீங்க ஒரு செக்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துருங்க மேடம், மானியம் ஏறுனதும் நாங்க எடுத்துக்குவோம்" என்றார். தொகை எழுதாத செக். ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவளிடம்!

இரண்டாவது ஆள் நேரில் வந்தார், டீ குடித்தார், மாடி ஏறவில்லை. அவருடைய விலை 1,48,000, மானியம் தனி. நாலில் இதுதான் குறைவு. பேனல் பெயருக்குப் பக்கத்தில் "மேக் இன் இந்தியா" என்று போட்டிருந்தது. மானியம் வேண்டுமென்றால் டி.சி.ஆர். பேனலாக இருக்க வேண்டும். அதாவது பேனல் மட்டுமில்லை, உள்ளே இருக்கிற செல்லும் இந்தியாவிலேயே செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல்லை வாங்கி இங்கே கண்ணாடிக்குள் வைத்து ஒட்டினாலும் இந்தியத் தயாரிப்பு என்றுதான் சொல்வார்கள். கரண்ட் நன்றாகத்தான் வரும், மானியம் வராது. நான் அவரிடம் வாக்குவாதம் ஒன்றும் செய்யவில்லை. "கொட்டேஷனில் டி.சி.ஆர். என்று எழுதி, பேனல் மாடல் நம்பரோடு திரும்ப அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்டேன். மூன்று நாள் பதிலே இல்லை. நாலாவது நாள் வந்தது, 1,79,000 என்று. மூன்று எழுத்துக்கு 31,000 ரூபாய்.

மூன்றாவது, கொஞ்சம் பெரிய கம்பெனி. பதினாறு பக்கத்தில் வழவழவென்று கொட்டேஷன், 2,16,220 ரூபாய். பதினொன்றாம் பக்கத்தில் ஜி.எஸ்.டி. 13.8 சதவீதம் என்று இருந்தது. சோலாருக்கு 70 பங்கு பொருள், 30 பங்கு வேலை என்று பிரித்து வரி போடுவார்கள். பொருளுக்கு 12 சதவீதமாக இருந்தபோது மொத்தம் 13.8 வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பொருளுக்கு 5 சதவீதம்தான், ஆக மொத்தம் 8.9. எனக்கு வந்த கொட்டேஷனில் தேதி அக்டோபர் எட்டு! 1,90,000-க்குப் பழைய வரி போட்டால் 26,220, புதிய வரி போட்டால் 16,910. வித்தியாசம் 9,310 ரூபாய். போன் போட்டதும் அந்தப் பையன், "கம்ப்யூட்டர்ல பழைய பார்மட் இருந்துருச்சு மேடம்" என்றான். பத்து நிமிடத்தில் திருத்தி அனுப்பினான். அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

ஆனால் அந்தக் கம்பெனி மேல் எனக்கு வேறு கோபமும் உண்டு. "மாசம் 450 யூனிட் வரும்" என்று எழுதியிருந்தார்கள். நம் ஊர் வெயிலுக்கும் மூன்று கிலோவாட்டில் அது வராது. "25 வருட வாரண்டி" என்பது உற்பத்தி இவ்வளவுக்குக் கீழே குறையாது என்கிற உறுதி. பேனலே பழுதானால் மாற்றித் தரும் வாரண்டி 12 வருடம் என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. இன்னொன்று, அத்தை கேட்ட கேள்வி: "கரண்ட் போனா இது ஓடுமா?" அந்தப் பையன் கண்ணை இமைக்காமல் "ஓடும் பாட்டி" என்றான். பேட்டரி இல்லாத, ஈ.பி. லைனோடு சேர்ந்த சோலார் கரண்ட் போனால் தானே நின்றுவிடும். நம் வீட்டுக் கரண்ட் லைனுக்குள் போய், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர் மேல் பாயக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி. நீங்களும் வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். பதிலைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். நான் விசாரித்த நாலு பேரில் உண்மையைச் சொன்னவர் ஒரே ஒருவர்.

அவர்தான் நாலாவது. மேலூர்ப் பக்கம் ஊர், டூவீலரில் டேப்போடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மாடிக்குப் போனார். எங்கள் மாடியில் தெற்கு மூலையில் படிக்கட்டு அறை, அதன் மேல் தண்ணீர்த் தொட்டி. மூன்றாவது கம்பெனி சாட்டிலைட் படத்தைப் பார்த்து, அந்த அறைக்கு வடக்கே பேனல் வரைந்து கொடுத்திருந்தது. இவர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அத்தையைப் பார்த்துக் கேட்டார்:

"அம்மா, மார்கழி மாசம் துணி எங்க காயப் போடுவீங்க?"

"அந்தக் கிழக்குக் கைப்பிடிச் சுவர்ப் பக்கந்தேன். இங்கிட்டுப் போட்டா சாயந்தரம் வரைக்கும் ஈரமாவே கெடக்கும்" என்று அத்தை காட்டிய "இங்கிட்டு", அச்சு அசலாக அந்த வரைபடத்தில் பேனல் இருந்த இடம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், தொட்டி நிழல் வடக்கே நீளும். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தியே அடிபடும். அக்டோபர் வெயிலில் நின்று பார்த்தால் இது நமக்குத் தெரியாது. பதினாறு பக்கத்தில் இல்லாதது அத்தையின் கொடிக்கயிற்றில் இருந்தது.

இவர் விலை 1,92,000. ஏழடி உயரத்தில் பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர், அடியில் அத்தை வத்தல் காயப்போடலாம். தட்டோடு பதித்த தளத்தைத் துளைக்காமல் மேலே சிமெண்ட் பீடம் கட்டி நிறுத்துவது, எர்த் குழி மூன்று, குரங்கு பிடித்து இழுக்காதபடி ஒயர் முழுக்கக் குழாய்க்குள், ஈ.பி. செலவு உள்பட. மற்ற மூன்றிலும் தளத்தில் ஓட்டை போட்டு போல்ட் அடிப்பதாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் ஒழுகினால் யாரிடம் போய்க் கேட்பது?

இவரும் பத்தரைமாற்றுத் தங்கம் என்று சொல்ல மாட்டேன். லெட்டர் பேடில் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, "பில் வேணாம்னா பத்தாயிரம் குறைச்சுக்கலாம்மா" என்றார். பில் இல்லாமல் நாளைக்கு, பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர் போனால் வாரண்டிக்கு எதைக் காட்டுவது? பேசாமல் ஒரு வெள்ளைத் தாளில் நானே கட்டம் போட்டேன். பேனல் மாடல், எத்தனை வாட், எத்தனை எண்ணம், டி.சி.ஆர். உண்டா, இன்வெர்ட்டர் மாடல், ஸ்ட்ரக்சர் உயரம், பீடமா போல்ட்டா, எர்த், ஈ.பி. செலவு யார் தலையில், வரி எவ்வளவு என்று கேட்டு நாலு பேருக்கும் அனுப்பினேன். முதல் ஆள் நிரப்பவே இல்லை. இரண்டாவது ஆளின் தாளில் "ஈ.பி. செலவு கஸ்டமர் பொறுப்பு" என்று புதிதாக ஒரு வரி முளைத்தது. அதற்கப்புறம்தான் 1,79,000-க்கும் 1,92,000-க்கும் அப்படி ஒன்றும் தூரமில்லை என்று புரிந்தது.

சரி, முடிந்தது என்று அட்வான்ஸ் எடுத்து வைத்தால், மேலூர்க்காரர் ஒரு கேள்வி கேட்டார். "ஈ.பி. சர்வீஸ் யார் பேர்லம்மா இருக்கு?"

மாமா பேரில். மாமா தவறி ஆறு வருடம் ஆகிறது. பில் கட்டிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் அது தோன்றவே இல்லை. முந்தைய மூன்று பேரில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. முதல் ஆளிடம் நானே பிறகு கேட்டபோது "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்றார். பார்த்திருப்பார். பதிவு செய்கிற பெயர், சர்வீஸ் பெயர், வங்கிக் கணக்குப் பெயர் மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் 78,000 அந்தரத்தில் தொங்கும்.

பெயர் மாற்றத்துக்காக ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு மின் அலுவலகம் போனேன். முதல் நாள், "எல்லாரும் ரீடிங் எடுக்கப் போயிருக்காங்க, நாளைக்கு வாங்க". மறுநாள் இருந்தவர் என் கவரைப் பிரிக்காமலேயே, "வாரிசுச் சான்று ஒரிஜினல் எங்க?" என்றார். வீட்டு பீரோவில் இருந்தது. மூன்றாம் தடவை ஒரிஜினலோடு போனேன். சான்றில் அத்தை பெயரில் "லட்சுமி", ஆதாரில் "லெட்சுமி". ஒரே ஒரு கொம்பு! அதை விரலால் சுட்டிக்காட்டி, "இது ரெண்டும் ஒரே ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பக்கத்தில் அத்தையே நின்றுகொண்டிருந்தார். மதுரையில் பாதிப் பேர் லெட்சுமிதான், மீதிப் பேர் லட்சுமி. அத்தைக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். வீடு வந்து சேரும் வரைக்கும் ஆட்டோவில் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் வழி சொன்னது எங்கள் ஆபீஸுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடை அண்ணன்தான். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, நாத்தனார் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தையும் சேர்த்து, ஆன்லைனில் விண்ணப்பித்தேன். அலுவலகத்துக்கே போகாமல் ஒரு வாரத்தில் மாறிவிட்டது. மூன்று நாள் லீவும் ஆட்டோக் காசும் போனது போனதுதான். சோலார் போட நினைக்கிறவர்கள் கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் பழைய ஈ.பி. பில்லை எடுத்துப் பெயரைப் பாருங்கள். முன்னெழுத்தையும் பாருங்கள்.

அதற்குப் பிறகு மாட்டுகிற வேலை இரண்டே நாள். பேனல் இறங்கியதும் ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் போட்டோ எடுத்து, டி.சி.ஆர். சரிபார்க்கும் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். மேலூர்க்காரருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. சுருங்கட்டும். கடைசி 20,000-ஐ மீட்டர் மாட்டி, மானியத்துக்கான போர்ட்டலில் எல்லாம் ஏற்றிய பிறகுதான் தருவேன் என்று முதலிலேயே எழுதி வாங்கியிருந்தேன். அது எவ்வளவு நல்லது என்று பொங்கல் சமயத்தில் தெரிந்தது. "பசங்க எல்லாம் பாலமேட்டுக்குப் போயிட்டாங்கம்மா", மறுநாள் "அலங்காநல்லூருக்குப் போயிட்டாங்கம்மா" என்று மீட்டர் வேலை தள்ளிக்கொண்டே போனது. 20,000-ஐ ஞாபகப்படுத்தியதும் மாடுபிடி முடிந்த மறுநாளே ஆள் வந்தார். மாசியில் அத்தையின் கணக்கில் 78,000 ஏறியது. கணக்கில் "லெட்சுமி"தான்.

இப்போது பேனலுக்கு அடியில் மிளகாய் காய்கிறது. அத்தை தினமும் சாயந்தரம் இன்வெர்ட்டரில் பச்சை எழுத்தைப் படித்து எனக்குப் போன் பண்ணுகிறார். "இன்னைக்கு பதிமூணு."

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது முதல் ஆளிடமிருந்து வாட்ஸ்அப். அதே சூரியன், அதே சிரிக்கிற குடும்பம், இப்போது 99,000 மட்டுமே. கீழே ஒரு வரி: "சார் என்ன முடிவு பண்ணியிருக்கார் மேடம்?"