முகப்புக்கு முன்னாடி பொடுதலை

காரைக்குடி பக்கம் பழைய வீட்டை சரி பண்றவங்க எல்லாரும் வேலை முடியுற நேரத்துல முகப்புக்கு முன்னாடி லான் போடணும்னு ஆசைப்படுறாங்க, உடனே நர்சரிக்கு போன் பண்ணி கொரியன் புல்லை இறக்கிடுறாங்க. சித்திரை வெயில்ல நம்ம செம்மண்ணுல அது தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடக்கும். கோடையில போர் வத்துற ஊர்ல இது எதுக்குன்னு எனக்கு வருத்தமாவே இருக்கு.

நம்ம ஊரணிக் கரையில, வயல் வரப்புல தானா படர்ந்து கெடக்குற பொடுதலையை யாருமே நினைச்சுப் பாக்குறதில்ல. வருஷம் பூரா பச்சையா இருக்கும், தண்டு தரையோட தரையா ஓடி கணுவுக்கு கணு வேர் விட்டு மண்ணைப் பிடிச்சுக்கும், அதனால ஆள் நடந்தாலும் புள்ளைங்க ஓடினாலும் தாங்கும். மெஷின் வச்சு வெட்டிக்கிட்டே இருக்கவும் வேணாம். இலை நுனியில மட்டும் பல்லு பல்லா இருக்கும், பூ குட்டியா வெள்ளையும் ஊதாவுமா வரும், பூத்த தலை அப்படியே திப்பிலி மாதிரி நீண்டுக்கும். காலையில தேனீ மொய்க்கும், இறக்கையில கண்ணு கண்ணா இருக்குற ஆரஞ்சு பட்டாம்பூச்சி இருக்குல்ல, அதோட புழு இந்த இலையையும் தின்னு வளரும். கொரியன் புல்லுல இதெல்லாம் எங்க வரப்போகுது?

எங்க அப்பத்தா இந்த இலையை இடிச்சு சாறெடுத்து தேங்காயெண்ணெயில காய்ச்சி பொடுகுக்குத் தேய்ச்சு விடும், உளுந்து வறுத்து வச்சு துவையலும் அரைக்கும். அந்தத் துவையலுக்கு சுடுசோறும் நல்லெண்ணெயும் போதும்.

ஜப்பான்ல இதே செடியில இருந்து குராப்பியான்னு ஒரு ரகம் எடுத்து, அமெரிக்காவுல கலிபோர்னியாவுல லானுக்கு பதிலா வளக்குறாங்க. ஆஸ்திரேலியாவுல முர்ரே டார்லிங் ஆத்துப் படுகையில இதோட நெருங்கின சொந்தமான லிப்பியாங்கிற வேற செடியைக் களைன்னு சொல்றாங்க, அது அவங்க மண்ணுச் செடி இல்ல, மேய்ச்சல் நிலத்தையே பிடிச்சுக்குது. நமக்கு அந்தக் கவலை இல்ல, ஆனா பொடுதலையும் வேகமாத்தான் படரும், பாத்திக்குள்ள ஏறினா ஓரத்தை வெட்டி விடணும்.

நடுறது சுலபம். வேர் விட்ட தண்டா பாத்து பிடுங்கி, அரையடிக்கு ஒண்ணா புதைச்சு, வேர் பிடிக்கிற வரைக்கும் தினமும் தண்ணி விடுங்க. நல்லா வெயில் படுற இடமா இருக்கணும், மர நிழல்ல அடர்த்தியா வராது. ஐப்பசி மழை தொடங்குறப்ப நட்டா தண்ணி விடுற வேலையும் பாதி மிச்சம்.